பத்துக்கு மேல் ஒரு தோட்டா: அமெரிக்க மாகாணங்களில் நடக்கும் சட்டப் போராட்டம்

2011 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில், டூசான் நகரின் ஒரு பேரங்காடி வாசலில், நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் தன் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அங்கு வந்த ஓர் இளைஞன் கைத்துப்பாக்கியால் சுடத் தொடங்கினான். அவன் துப்பாக்கியில் பொருத்தியிருந்தது 33 தோட்டாக்கள் கொள்ளும் நீண்ட மேகசின். அரை நிமிடத்துக்குள் அது காலியாகிவிட்டது. 6 பேர் உயிரிழந்தனர். கிஃபர்ட்ஸ் உள்ளிட்ட 13 பேர் காயமடைந்தனர். அடுத்த மேகசினை அவன் பொருத்த முயன்ற சில விநாடிகளில், அருகில் இருந்தவர்கள் பாய்ந்து அவனை வீழ்த்தினர். ஒரு பெண்மணி அந்தப் புதிய மேகசினைப் பறித்துக்கொண்டார்.

அந்தச் சில விநாடிகளின் மதிப்பு என்ன என்பதைப் பற்றித்தான் அமெரிக்காவின் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் 30 ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. 33-க்குப் பதிலாக 10 தோட்டாக்கள் மட்டுமே கொள்ளும் மேகசின் அவனிடம் இருந்திருந்தால், அந்த இடைவெளி முன்னரே வந்திருக்கும். சிலர் பிழைத்திருக்கலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். கொலை செய்யத் துணிந்தவன் மூன்று மேகசின்களைச் சட்டைப்பையில் கொண்டுவருவான், சட்டத்துக்குக் கட்டுப்படும் குடிமகன்தான் நள்ளிரவில் பத்தாவது தோட்டாவோடு நிராயுதபாணியாக நிற்பான் என்பது மறுதரப்பின் வாதம். பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் இந்த விவாதத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். துப்பாக்கிகளில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரு பொருளின் அளவைச் சட்டத்தால் குறைக்க முயன்றால் சந்தையும் மனிதர்களும் எப்படி எதிர்வினை ஆற்றுவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது என்பதே காரணம்.

மேகசின் என்பது என்ன?

நமக்கு மேகசின் என்றால் வார இதழ்தான் நினைவுக்கு வரும். இரண்டு பொருளும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிடங்கு என்னும் பொருள் தரும் அரபுச் சொல்தான் அந்த வேர். துப்பாக்கியைப் பொறுத்தவரை, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலுள்ள சுருள்வில்லின் அழுத்தத்தால் ஒவ்வொன்றாக மேலே தள்ளித் தரும் சிறிய பெட்டியே மேகசின். காலியானதைக் கழற்றி, நிரம்பியதைச் செருகிக்கொள்ளலாம். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒருமுறை சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கு இந்தப் பெட்டிதான் உயிர்நாடி. எத்தனை தோட்டாக்களை இடைவிடாமல் சுடலாம் என்பதைத் தீர்மானிப்பது இதன் கொள்ளளவு.

2025-ஆம் ஆண்டு நிலவரப்படி 14 மாகாணங்களும் தலைநகர் வாஷிங்டனும் இந்தக் கொள்ளளவுக்கு உச்சவரம்பு விதித்துச் சட்டம் இயற்றியுள்ளன. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மேரிலாந்து, ரோட் தீவு, வாஷிங்டன் மாகாணம், ஆரிகன் ஆகியவற்றில் வரம்பு 10. கொலராடோவில் 15. டெலவேரில் 17. இலினாயும் வெர்மான்ட்டும் நீள்துப்பாக்கிக்கு 10, கைத்துப்பாக்கிக்கு 15 என்று பிரித்துள்ளன. ஹவாய் கைத்துப்பாக்கிக்கு மட்டும் 10 என்கிறது. எஞ்சிய மாகாணங்களில் வரம்பே இல்லை.

இந்த எண்களுக்குப் பின்னால் ஆய்வு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. 10 ஏன், 17 ஏன் என்று கேட்டால், பேரம் அங்கே முடிந்தது என்பதே உண்மையான பதிலாக இருக்கும். எதிர்ப்பாளர்கள் இதைப் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். சாலையில் வேக வரம்பும், வாக்களிக்கும் வயதும்கூட இப்படி இழுக்கப்பட்ட கோடுகள்தாம். எனவே இந்த வாதம் என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. ஆனால் கோடு நடைமுறைக்கு ஒவ்வாத இடத்தில் விழுந்தால் சட்டமே கேலிக்கு உள்ளாகும். நியூயார்க் மாகாணம் 2013 ஜனவரியில் வரம்பை 7 என்று நிர்ணயித்தது. ஏழு தோட்டா மேகசின் பெரும்பாலான துப்பாக்கிகளுக்குச் சந்தையில் கிடைக்கவே இல்லை. பிறகு, 10 கொள்ளும் மேகசினை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் 7 தோட்டாக்களை மட்டுமே நிரப்ப வேண்டும் என்று திருத்தினார்கள். மற்றவர் வீட்டில் ஒரு பெட்டிக்குள் எத்தனை தோட்டா இருக்கிறது என்று எந்தக் காவலர் எண்ணிப் பார்ப்பார்? 2015-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஏழு தோட்டா விதியை மட்டும் நீக்கி, 10 என்ற வரம்பை ஏற்றுக்கொண்டது.

1994 தந்த பாடம்

1993 டிசம்பரில் நியூயார்க் புறநகர் ரயில் ஒன்றில் ஒருவன் 15 தோட்டா மேகசின்களைக் கொண்டு 6 பேரைக் கொன்றான். அங்கும் அவன் மேகசினை மாற்றும் தருணத்தில்தான் பயணிகள் அவனைப் பிடித்தனர். அதில் கணவரை இழந்த கரோலின் மெக்கார்த்தி பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகி, இந்த வரம்புக்காகவே நெடுங்காலம் குரல்கொடுத்தார். 1994 செப்டம்பர் 13 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட குற்றத் தடுப்புச் சட்டம், 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைப் பொதுமக்களுக்காகப் புதிதாகத் தயாரிப்பதைத் தடைசெய்தது. அதன் ஆயுள் பத்து ஆண்டுகள். 2004 செப்டம்பரில் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது.

இந்தச் சட்டத்தின் முக்கியமான சொல் 'புதிதாக' என்பதே. அந்த நாளுக்கு முன் தயாரானவற்றை வைத்திருக்கலாம், விற்கலாம், வாங்கலாம். வெளிநாடுகளில் ஏற்கெனவே தயாராகியிருந்தவற்றை இறக்குமதியும் செய்யலாம். 1995 முதல் 2000 வரை மட்டும் ஏறத்தாழ 47 லட்சம் பழைய மேகசின்கள் இவ்வாறு இறக்குமதியானதாக, அமெரிக்க நீதித் துறைக்காக கிறிஸ்டோபர் கோப்பர் தலைமையில் நடந்த ஆய்வு கூறுகிறது.

இருப்பு, ஓட்டம் என்ற இரண்டு கருத்துகளைப் பொருளாதார மாணவர்களுக்கு முதல் பருவத்திலேயே கற்றுத்தருவோம். தொட்டியில் உள்ள நீர் இருப்பு. குழாயில் வருவது ஓட்டம். குழாயை அடைத்துவிட்டு மறுநாளே தொட்டி வற்றவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பொருள் இல்லை. மேகசின் என்பது உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன எளிய பொருள். பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். 1994 சட்டம் குழாயைப் பாதி அடைத்தது, பக்கவாட்டில் இன்னொரு குழாயைத் திறந்தும் விட்டது. எனவே 2004-இல் கோப்பர் தந்த அறிக்கை, துப்பாக்கி வன்முறையில் இத்தடையின் விளைவு அளவிட முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை.

அந்த அறிக்கையைத் தடை எதிர்ப்பாளர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, தொட்டி வற்றத் தொடங்கியதற்கான அறிகுறிகள் பின்னால் தெரிந்தன என்பதை. வர்ஜீனியா மாகாணக் காவல்துறை கைப்பற்றிய துப்பாக்கிகளின் பதிவுகளை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2011-இல் ஆராய்ந்தது. பெரிய மேகசின் பொருத்திய துப்பாக்கிகளின் பங்கு 2004-இல் சுமார் 10 விழுக்காடாகக் குறைந்திருந்தது. தடை விலகிய பின் 2010-இல் சுமார் 22 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு மாகாணத்தின் பதிவுகளை வைத்து நாடு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆயினும், தடை பலன் தரத் தொடங்கிய கட்டத்தில் காலாவதியானது என்று கருத இது இடம் தருகிறது.

கொலராடோவும் ஹைலண்ட் பார்க்கும்

கூட்டாட்சிச் சட்டம் மறைந்தபின் பொறுப்பு மாகாணங்களிடம் வந்தது. 2012 ஜூலையில் கொலராடோவின் அரோரா திரையரங்கில் 12 பேர் கொல்லப்பட்டனர். கொலையாளியிடம் 100 தோட்டாக்கள் கொள்ளும் உருளை மேகசின் இருந்தது, நல்லவேளையாக அது இடையில் சிக்கிக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டனர். 30 தோட்டா மேகசின்கள். ஐந்து நிமிடங்களுக்குள் 154 தோட்டாக்கள். அடுத்த சில மாதங்களில் கொலராடோ, கனெக்டிகட், நியூயார்க், மேரிலாந்து ஆகியவை வரம்புகளைக் கொண்டுவந்தன அல்லது இறுக்கின.

அதற்கான அரசியல் விலையும் உடனே கொடுக்கப்பட்டது. கொலராடோவில் சட்டத்தை நிறைவேற்றிய மேலவைத் தலைவர் ஜான் மோர்ஸும் உறுப்பினர் ஏஞ்சலா கிரானும் 2013 செப்டம்பரில் வாக்காளர்களால் திருப்பி அழைக்கப்பட்டுப் பதவி இழந்தனர். ஆனால் சட்டம் நிலைத்தது; 2020-இல் மாகாண உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஹைலண்ட் பார்க். சிகாகோவுக்கு வடக்கே உள்ள இந்தச் சிறு நகரம் 2013-லேயே தாக்குதல் வகைத் துப்பாக்கிகளையும் 10-க்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் தடைசெய்தது. வழக்கு தொடுக்கப்பட்டது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 4 அன்று, அதே நகரத்தின் விடுதலைநாள் அணிவகுப்பின்மீது ஒருவன் கூரையிலிருந்து சுட்டான். ஒரு நிமிடத்துக்குள் 83 தோட்டாக்கள். மூன்று 30 தோட்டா மேகசின்கள். 7 பேர் இறந்தனர்.

தடை தோற்றுவிட்டதா? நகர எல்லைக்குள் சட்டம் இருந்தது. எல்லையைத் தாண்டினால் அதே பொருள் கடையில் சட்டப்படி விற்பனையில் இருந்தது. மதுவிலக்கு உள்ள மாவட்டத்தின் எல்லையில் மதுக்கடைகள் முளைப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2019 ஜூலையில் கலிஃபோர்னியாவின் கில்ராய் நகரப் பூண்டுத் திருவிழாவில் 3 பேரைக் கொன்றவனும், தன் மாகாணத்தில் வாங்க முடியாத துப்பாக்கியை அண்டை மாகாணமான நெவாடாவில்தான் வாங்கியிருந்தான். ஒரு பொருளின் நடமாட்டத்துக்குச் சுங்கச்சாவடி இல்லாத நாட்டில், ஒரு பகுதி மட்டும் விதிக்கும் தடை கசியத்தான் செய்யும். ஹைலண்ட் பார்க் கொலைகளுக்குப் பின், 2023 ஜனவரியில் இலினாய் முழுவதற்கும் சட்டம் வந்தது. அண்டையிலுள்ள இந்தியானாவில் இன்றும் வரம்பு இல்லை.

புள்ளிவிவரங்கள் எதுவரை துணைவரும்?

லூயிஸ் கிளாரெவாஸும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு அதிகம் பேசப்படுவது. 1990 முதல் 2017 வரை, ஆறு அல்லது அதற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட 69 நிகழ்வுகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவற்றில் 44-இல் பெரிய மேகசின்கள் பயன்பட்டிருந்தன. அத்தகைய நிகழ்வுகளில் சராசரி உயிரிழப்பு 11.8, மற்றவற்றில் 7.3. தடை இல்லாத மாகாணங்களில் இத்தகைய நிகழ்வுகளின் விகிதம் இருமடங்குக்கும் அதிகம்.

இந்த எண்கள் கனமானவை. ஆனால் 28 ஆண்டுகளில் 69 நிகழ்வுகள் என்பது புள்ளியியலுக்குச் சிறிய கூடை. மேலும், அதிகம் பேரைக் கொல்லத் திட்டமிடுபவனே பெரிய மேகசினைத் தேடி வாங்குகிறான் என்றால், உயிரிழப்புக்குக் காரணம் கருவியா, நோக்கமா? இரண்டையும் பிரிப்பது எளிதன்று. ஃபுளோரிடாவின் குற்றவியல் அறிஞர் கேரி க்ளெக் எழுப்பும் எதிர்வாதம் இந்தத் திசையிலானது. இத்தகைய கொலையாளிகள் பெரும்பாலும் பல மேகசின்களோ பல துப்பாக்கிகளோ கொண்டுவருகிறார்கள். அவர்கள் சுடும் வேகமும் அவ்வளவு அதிகமில்லை. மேகசினை மாற்ற ஆகும் ஓரிரு விநாடிகளில் யாரும் பாய்ந்து தடுப்பது அரிது என்கிறார் அவர். 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன் 10, 15 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின்களைத்தான் பயன்படுத்தினான். 10 என்ற வரம்பு அங்கே பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தியிருக்காது என்றே ஆளுநர் அமைத்த விசாரணைக் குழுவும் கருதியது. துப்பாக்கிக் கொள்கை ஆய்வுகளை எல்லாம் ஒருசேர மதிப்பிடும் ராண்ட் நிறுவனம், பெரிய மேகசின் தடைகள் கூட்டுக் கொலைகளைக் குறைக்கக்கூடும் என்பதற்கு 'வரம்புக்குட்பட்ட சான்று' உண்டு என்கிறது. எச்சரிக்கையான அந்தச் சொல்லே சரியானது என்பது என் கணிப்பு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 26,328 பேர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அதற்கு ஒரு தோட்டா போதும். எஞ்சிய கொலைகளிலும் பெரும்பாலானவை சில குண்டுகளில் முடிந்துவிடுபவை. மேகசின் வரம்பு இந்த 48,830-ஐக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைக்கும் என்று வாக்குறுதி தரும் அரசியல்வாதி, தெரிந்தே மிகைப்படுத்துகிறார். இந்தச் சட்டத்தின் இலக்கு, எண்ணிக்கையில் மிகச் சிறிய, கொடுமையில் மிகப் பெரிய ஒரு வகைக் குற்றம். ஒரு பள்ளியில், ஒரு திரையரங்கில், ஓர் அணிவகுப்பில் இறப்பவர்கள் 26-ஆ 20-ஆ என்பதுதான் அதன் கேள்வி.

இரு தரப்பையும் வெட்டும் கத்தி

விவாதத்தின் மையத்தில் உள்ள ஒரு முரண்பாட்டை இரு தரப்பாரும் கடந்துபோய்விடுகிறார்கள். மேகசினை மாற்ற இரண்டு விநாடிதான் ஆகும், அதனால் கொலையாளியை இந்தச் சட்டம் தடுக்காது என்று எதிர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். அது உண்மையானால், வீட்டைக் காக்கும் குடிமகனுக்கும் அதே இரண்டு விநாடிதான் ஆகும். அவனுக்கும் பெரிய இழப்பு இல்லை. மறுபுறம், அந்த இரண்டு விநாடி உயிர்காக்கும் இடைவெளி என்று ஆதரவாளர்கள் சொல்வார்களானால், தற்காத்துக்கொள்பவனுக்கும் அது உயிர்போகும் இடைவெளியாகலாம் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி உரிமையாளர்களிடம் இதற்கு ஒரு நேர்மையான பதில் உண்டு. தாக்க வருபவன் திட்டமிட்டு, பை நிறைய மேகசின்களோடு வருகிறான். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவரிடம் துப்பாக்கியில் உள்ள ஒன்று மட்டுமே இருக்கும். உதிரி மேகசின் அலமாரியில் கிடக்கும். கிராமப்புறத்தில் காவலர் வந்துசேர அரைமணி நேரமாகும் இடத்தில் தனியாக வாழும் ஒருவர் இப்படிச் சொன்னால், அதை நகைத்து ஒதுக்க என்னால் முடியாது.

அத்தகைய தேவை எவ்வளவு அடிக்கடி எழுகிறது என்பதே அடுத்த கேள்வி. தேசியத் துப்பாக்கிச் சங்கமே தன் இதழில் தொகுத்து வெளியிட்டுவரும் தற்காப்பு நிகழ்வுகளில் 2011 முதல் 2017 வரையிலான 736-ஐ லூசி ஆலன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து, மாகாணங்களின் சார்பில் நீதிமன்றங்களில் சாட்சியமளித்தார். சுடப்பட்ட தோட்டாக்களின் சராசரி 2.2. பத்துக்கு மேல் சுடப்பட்டவை இரண்டே நிகழ்வுகள். ஒரு சங்கம் தேர்ந்தெடுத்து வெளியிட்ட செய்திகள் முறையான மாதிரி ஆகா என்று ஒரு நீதிபதி இதைக் கடுமையாகச் சாடினார். அந்தக் குறை உண்மையே. ஆனாலும், பரபரப்பான நிகழ்வுகளைத் தேர்ந்தெடுக்கவே வாய்ப்புள்ள ஒரு தொகுப்பிலும் பத்தைத் தாண்டியவை இரண்டுதான் என்பது எனக்கு எடையுள்ள சான்றாகவே படுகிறது. பெரிய மேகசின் பயன்படும் கூட்டுக் கொலைகளும் அரிது, அது தேவைப்படும் தற்காப்பும் அரிது. இரண்டு அரிய நிகழ்வுகளை எடைபோடும்போது, ஒன்றில் ஒரு முறைக்கு இருபது, முப்பது உயிர்கள் போகின்றன என்பதால் தராசு வரம்பின் பக்கம் சாய்கிறது என்பது என் நிலைப்பாடு. இடையே இன்னொரு செய்தி: இடம்பெயரும் நீர்ப்பறவைகளை வேட்டையாடும் துப்பாக்கியில் மூன்று குண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கூட்டாட்சி விதி 1935 முதல் அமலில் இருக்கிறது. வாத்து இனம் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த அந்த வரம்பை எதிர்த்து யாரும் பெரிதாகப் போராடுவதில்லை.

நீதிமன்றம் மாற்றிய கேள்வி

இப்படி நன்மை தீமைகளை எடைபோடுவதையே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022-இல் நிறுத்திவிட்டது. பின்னணி சுருக்கமாக: ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791-ஆம் ஆண்டினது. அது தனிமனிதரின் உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் நீதிபதி ஸ்காலியா தலைமையில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. சட்டத்துக்குட்பட்ட நோக்கங்களுக்காகப் 'பொதுவழக்கில்' உள்ள ஆயுதங்களை அது காக்கும் என்றும் அத்தீர்ப்பு சொன்னது. அதன்பின் பதினான்கு ஆண்டுகள், பொதுநலனையும் உரிமையையும் சீர்தூக்கிப் பார்த்தே கீழமை நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 2022 ஜூனில் வந்த புரூவன் தீர்ப்பு, சீர்தூக்கும் வேலை வேண்டாம், இத்தகைய கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபில் இருந்ததா என்று மட்டும் பாருங்கள் என்றது.

விளைவாக, 2022-க்குப் பின் வழக்கறிஞர்கள் பழைய ஆவணங்களைத் தேடி ஓடத் தொடங்கினர். ஒரு தரப்பு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருபதுக்கு மேற்பட்ட குண்டுகள் கொள்ளும் ஜிராண்டோனி காற்றுத் துப்பாக்கி இருந்தது, அதை அன்று யாரும் தடைசெய்யவில்லை என்றது. மறுதரப்பு, அது விரல்விட்டு எண்ணத்தக்க அரிய பொருள் என்றது; மிச்சிகன் 1927-இல் 16 முறைக்கு மேல் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளையும், அதே ஆண்டில் ரோட் தீவு 12 முறைக்கு மேல் சுடுபவற்றையும் தடைசெய்ததைக் காட்டியது. 1927 மிகவும் பிந்தியது என்று பதில் வந்தது. வெடிமருந்தைச் சேமிப்பதற்கான பழைய விதிகள், கதவைத் திறந்தால் தானே வெடிக்கும் பொறித் துப்பாக்கிகளுக்கான தடைகள், 19-ஆம் நூற்றாண்டின் நீள்கத்திச் சட்டங்கள் எல்லாம் சாட்சிக்கூண்டில் ஏறின. 1791-இல் வாழ்ந்தவர்கள் தாம் கண்டிராத ஒரு பிரச்சினைக்கு ஏன் சட்டம் இயற்றவில்லை என்று தேடுவது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. ஒரு கொள்கை பலன் தருகிறதா என்ற சான்றுக்கு இந்த விசாரணையில் இடமே இல்லை.

'பொதுவழக்கு' என்ற அளவுகோலும் பொருளியல் நோக்கில் சிக்கலானது. ஒரு பொருள் எவ்வளவு அதிகமாக விற்றதோ அவ்வளவு அதிகம் அரசியல் சாசனப் பாதுகாப்பு என்றால், தயாரிப்பாளர்களுக்கு விரைந்து விற்க ஒரு தூண்டுதல் கிடைக்கிறது. சட்டமன்றத்துக்கும் ஒரு தூண்டுதல்: ஆய்வுக்குக் காத்திராதே, பொருள் பரவும் முன்னே தடைசெய்துவிடு. ஹைலண்ட் பார்க் வழக்கில் நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக் இந்தச் சுழல் தருக்கத்தைத்தான் சுட்டிக்காட்டினார். (அதே தீர்ப்பில், மக்கள் பாதுகாப்பாக உணர்ந்தாலே அது ஒரு நன்மைதான் என்றும் அவர் எழுதினார். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். உணர்வை மட்டும் வைத்து உரிமையைக் குறைக்கத் தொடங்கினால் அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.)

இந்தத் தூண்டுதல் எப்படி வேலை செய்யும் என்பதைக் கலிஃபோர்னியா காட்டியது. அங்கே 2000 முதல் பெரிய மேகசின்களின் விற்பனைக்குத் தடை இருந்தது, பழையவற்றை வைத்திருக்கலாம். 2016-இல் வாக்காளர்கள் பொதுவாக்கெடுப்பின் மூலம் வைத்திருப்பதையும் தடைசெய்தனர். அந்தத் தடை நடைமுறைக்கு வரும் முன்பே, 2017-இல், கூட்டாட்சி நீதிபதி ரோஜர் பெனிடெஸ் அதை நிறுத்திவைத்தார். 2019 மார்ச் 29 அன்று விற்பனைத் தடையையும் சேர்த்து ரத்துசெய்தார். தன் தீர்ப்பை அவரே ஏப்ரல் 5 அன்று நிறுத்திவைக்கும்வரை ஏறத்தாழ ஒரு வாரம் கலிஃபோர்னியர்கள் சட்டப்படி பெரிய மேகசின்களை வாங்கிக் குவித்தனர். துப்பாக்கி ஆர்வலர்கள் அதற்கு 'விடுதலை வாரம்' என்றே பெயர் சூட்டினர். பத்தொன்பது ஆண்டுகளாக மெல்ல வற்றிவந்த தொட்டி ஒரே வாரத்தில் நிரப்பப்பட்டது. வழக்கு பிறகு மேலும் கீழும் பயணித்து, 2025 மார்ச் 20 அன்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் சட்டத்தை உறுதிசெய்தது. மேகசின் ஆயுதமே அன்று, ஆயுதத்தின் துணைப்பொருள் என்றது பெரும்பான்மை. அதை மறுத்த நீதிபதி லாரன்ஸ் வான்டைக், தன் அறையில் துப்பாக்கிகளைக் கையாண்டு விளக்கும் காணொளியையே தீர்ப்போடு வெளியிட்டார். நீதிமன்ற வரலாற்றில் இது புதிது. அடுத்த மே மாதம் வாஷிங்டன் மாகாண உச்ச நீதிமன்றமும் மேகசின் ஆயுதமன்று என்றே தீர்ப்பளித்தது.

இந்தச் சொற்சிலம்பம் எனக்கு நிறைவளிக்கவில்லை. மேகசின் இல்லாத அரைத் தானியங்கித் துப்பாக்கி ஒரு தோட்டாவுக்குமேல் சுடாது. அதை வெறும் துணைப்பொருள் என்பது, மை இல்லாமலும் பேனா பேனாதான் என்பதைப் போன்றது. வரம்பை ஆதரிப்பவனாக இருந்தும், அந்தத் தீர்ப்பின் இரண்டாவது பகுதியான, பெரும் தீங்கு தரும் ஆயுதப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மரபு உண்டு என்ற வாதமே வலுவானது என்று எண்ணுகிறேன்.

இருப்பவற்றை என்ன செய்வது?

நீதிமன்றங்கள் எப்படித் தீர்ப்பளித்தாலும், கோடிக்கணக்கான மேகசின்கள் ஏற்கெனவே வீடுகளில் உள்ளன. விற்பனையை மட்டும் தடுத்தால் பலன் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். வைத்திருப்பதைத் தடுத்தால், நேற்றுவரை சட்டப்படி வாங்கியவர் இன்று குற்றவாளி ஆகிறார். கனெக்டிகட் நடுவழி ஒன்றைத் தேர்ந்தது: பழையவற்றை 2014 தொடக்கத்துக்குள் பதிவு செய்துவிட்டால் வைத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியா, நியூஜெர்சி, ரோட் தீவு ஆகியவற்றின் சட்டங்கள், ஒப்படைத்துவிடு, வெளி மாகாணத்தில் விற்றுவிடு, அல்லது பத்துக்குள் அடங்குமாறு மாற்றியமை என்கின்றன. இழப்பீடு கிடையாது. இது சொத்துப் பறிப்பு ஆகாது என்று 2021-இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் கூறியது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். கொள்கையளவில் பெரும் தவறு என்பேன். 1996-இல் ஆஸ்திரேலியா அரைத் தானியங்கி நீள்துப்பாக்கிகளைத் தடைசெய்தபோது, அரசே சந்தை விலை கொடுத்து ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை வாங்கி அழித்தது. அதற்காக ஒரு சிறப்பு வரியும் விதிக்கப்பட்டது. 2019-இல் நியூசிலாந்தும் விலை கொடுத்தே வாங்கியது. ஒரு மேகசினின் விலை சில பத்து டாலர்கள்தான். அதை ஒப்படைத்தால் இழப்பீடு என்று ஒரு மாகாணம் முன்வந்தால், தொட்டியிலிருந்து நீர் உண்மையாகவே குறையத் தொடங்கும். தண்டனையை மட்டும் காட்டினால், நல்ல குடிமக்களில் பெரும்பாலோர் மேகசினைப் பரணில் போட்டுவிட்டு வாய்மூடி இருப்பார்கள்; அவர்களுக்கும் சட்டத்துக்கும் இடையிலான நம்பிக்கைதான் குறையும்.

2025 ஜூன் 2 அன்று ரோட் தீவின் வரம்பை எதிர்த்த மனுவையும், மேரிலாந்தின் தாக்குதல் துப்பாக்கித் தடையை எதிர்த்த மனுவையும் விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. நீதிபதிகள் தாமஸ், அலிட்டோ, கோர்சச் மூவரும் விசாரிக்க விரும்பினர்; இன்னும் ஒருவர் சேர்ந்திருந்தால் போதும். அந்த நான்காமவராக இருந்திருக்கக்கூடிய பிரெட் கவனா, அடுத்த ஓரிரு பருவங்களில் இக்கேள்வியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டிவரும் என்று மேரிலாந்து வழக்கில் தனிக்குறிப்பு எழுதினார். 14 மாகாணங்களின் சட்டங்கள் அந்த விசாரணைக்காகக் காத்திருக்கின்றன. அது நடக்கும்போது கிளாரெவாஸின் 69 நிகழ்வுகளையும் க்ளெக்கின் மறுப்பையும் நீதிபதிகள் கையில் எடுப்பார்களா, 1927-ஆம் ஆண்டின் மிச்சிகன் சட்டத்தையும் ஜிராண்டோனி துப்பாக்கியையும் மட்டும் புரட்டுவார்களா என்பதை அவர்களது 2022 தீர்ப்பு ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது.